ரிஜிஸ்டர்ல இருந்தா உண்மையாகிடுமா?

சமீபத்துல நம்ம நண்பர் ஒருத்தர் போட்ட இடுகையைப் படிச்சிருப்பீங்க. "பசங்க கெட்டுப் போயிட்டாங்க, எல்லா காலேஜையும் கடற்படை அகாடமி மாதிரி நடத்தணும். அங்கே வாய்ப்பேச்சே கிடையாது, எல்லாம் ரிஜிஸ்டர்ல ஏறிடும். ரிஜிஸ்டர் பொய் சொல்லாது"ன்னு முழங்கியிருந்தார். கீழே வரிசையா 'ரிப்பீட்டேய்'. நானும் பின்னூட்டம் போடத்தான் உட்கார்ந்தேன். அது நீண்டுக்கிட்டே போனதால தனி இடுகையாவே போட்டுடறேன். ஆட்டோ அனுப்பாதீங்க :-)

நண்பர் உதாரணம் காட்டினது அமெரிக்காவின் அன்னாபொலிஸ் கடற்படை அகாடமி. அங்கேயே போவோம். அவர் மறந்துட்ட ஒரு விஷயம், அந்த ரிஜிஸ்டர்கள் இன்னிக்கும் பத்திரமா இருக்கு. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்துல ஆவணத் தொகுதி எண் 405 முழுக்க இந்த அகாடமியோட காகிதங்கள்தான். சூப்பரிண்டெண்டுக்கு வந்த கடிதம், அவர் அனுப்பின கடிதம், போட்ட உத்தரவு, பசங்க செஞ்ச தப்புகளோட பேரேடு. அந்தத் தப்புப் பேரேடுகள்ல 1846-ல ஆரம்பிச்சு 1882 வரைக்குமானவை, நடுவுல ரெண்டு மூணு வருஷ இடைவெளியோட, மைக்ரோஃபிலிமாவே கிடைக்குது.

இந்த ஒழுங்கு வெறி எங்கிருந்து வந்துச்சுன்னும் சொல்லிடறேன். 1842-ல சோமர்ஸ்னு ஒரு பயிற்சிக் கப்பல். கலகம் செய்யத் திட்டம் போட்டாங்கன்னு சொல்லி, டிசம்பர் 1-ஆம் தேதி நடுக்கடல்ல மூணு பேரைத் தூக்குல போட்டார் கேப்டன் மெக்கன்ஸி. அதுல ஒருத்தன் பிலிப் ஸ்பென்சர், மிட்ஷிப்மேன், அன்றைய போர்த்துறை அமைச்சரோட சொந்த மகன். முறையான ராணுவ நீதிமன்ற விசாரணை இல்லாமலே தூக்கு. நாடே அதிர்ந்துச்சு. சின்னப் பசங்களை நேரா கப்பல்ல ஏத்திப் பழக்குறது சரிப்படாது, கரையில ஒரு பள்ளிக்கூடம் வேணும்கிற பேச்சு அதுக்கப்புறம் வலுத்துச்சு. 1845 அக்டோபர் 10-ல பழைய செவர்ன் கோட்டையில பள்ளி திறந்தாங்க. முதல் சூப்பரிண்டெண்ட் ஃபிராங்க்ளின் புகேனன். கண்டிப்புன்னா அப்படி ஒரு கண்டிப்பு. கீழ்ப்படிதல்னா என்னன்னு பசங்களுக்குப் பாடம் எடுத்த அதே புகேனன் 1861-ல ராஜினாமா பண்ணிட்டு எதிர்த்தரப்பான தென்மாநிலக் கூட்டமைப்போட கடற்படையில சேர்ந்து, மறு வருஷம் வர்ஜீனியா என்கிற இரும்புக் கப்பல்ல ஏறி அமெரிக்கக் கப்பல்களையே சுட்டார். அவருக்கு யாரும் மைனஸ் மார்க் போடலை. சும்மா சொன்னேன்.

மைனஸ் மார்க்னு சொன்னேன்ல, அதுதான் விஷயமே. அங்கே அதுக்குப் பேரு டீமெரிட். அணிவகுப்புக்கு லேட்டா வந்தா இத்தனை, அறை பெருக்காம இருந்தா இத்தனை, வரிசையில பேசினா இத்தனை. வருஷத்துல ஒரு அளவைத் தாண்டினா மூட்டை கட்ட வேண்டியதுதான். 1898-ல மணிலா விரிகுடாவுல ஸ்பெயின் கப்பற்படையை ஒழிச்ச ஜார்ஜ் டூயி, 1854-ல இங்கே சேர்ந்தவர். முதல் வருஷத்துல தான் வாங்கின டீமெரிட் 113-னு தன் சுயசரிதையில அவரே எழுதியிருக்கார். 200 வந்தா வெளியே. குறும்புக்காரப் பையன், தப்பிச்சான், கடைசியில அட்மிரல் ஆனான். கேட்கறதுக்கு ஜாலியா இருக்குல்ல?

இப்ப இன்னொரு பையனைப் பாருங்க. ஜேம்ஸ் ஹென்றி கான்யர்ஸ், தெற்கு கரோலினாக்காரர். 1872 செப்டம்பர்ல அகாடமிக்குள்ள காலெடுத்து வச்ச முதல் கறுப்பின மாணவர். அடி, உதை, ஏச்சு. விசாரணை நடந்துச்சு, சிலருக்குத் தண்டனையும் கிடைச்சுது. அப்ப சூப்பரிண்டெண்ட் ஜான் வோர்டன், புகேனனோட அந்த வர்ஜீனியாவை மறுநாள் மானிட்டர் கப்பல்ல எதிர்த்து நின்ன அதே வோர்டன். அப்படிப்பட்ட ஆளு தலைமையில இருந்தும் கான்யர்ஸ் 1873 நவம்பர்ல ராஜினாமா பண்ணினார். காகிதத்துல இருக்கற காரணம் படிப்புல தேறலை என்கிறது. ராத்திரி தூங்க விடாம, பகல்ல பக்கத்துல யாரும் உட்காராம வச்சா, நானா இருந்தாலும் கணக்குல கோட்டைதான் விட்டிருப்பேன். 1873-ல அலோன்ஸோ மெக்லெனன், 1874-ல ஹென்றி பேக்கர். மூணு பேருமே பட்டம் வாங்கலை. அதுக்கப்புறம் 1936 வரைக்கும் ஒரு கறுப்பினப் பையன்கூட உள்ளே வரலை.

1936-ல வந்தவர் ஜேம்ஸ் லீ ஜான்சன். 1937 பிப்ரவரியில வெளியே. காரணம்? ஆங்கிலத்துல மார்க் பத்தலை, நடத்தையில டீமெரிட் ஜாஸ்தி. அதே வருஷம் ஜார்ஜ் ட்ரைவர்ஸ் வந்தார், சில வாரம்தான் தாக்குப் பிடிச்சார். கடைசியா 1945-ல வெஸ்லி பிரவுன். அறைத்தோழன் கிடையாது, தனி அறை. சீனியர்கள் இல்லாத தப்பையெல்லாம் கண்டுபிடிச்சு தன் தலையில டீமெரிட்டா குவிச்சாங்கன்னு பின்னாடி அவரே சொன்னார். ஓட்டப்பந்தய அணியில கூட ஓடின, பின்னாளில் ஜனாதிபதி ஆன ஜிம்மி கார்ட்டர் மாதிரி சிலர் தோள் கொடுத்தாங்க. 1949-ல பட்டம் வாங்கினார். முதல் ஆள் நுழைஞ்சு 77 வருஷம் கழிச்சு!

இப்ப நண்பருக்கு என் கேள்வி. டூயியோட டீமெரிட்டும் பிரவுனோட டீமெரிட்டும் ரிஜிஸ்டர்ல எப்படித் தெரியும்? ஒரே மாதிரிதான் தெரியும். தேதி, பேரு, தப்பு, எண். குறும்புக்கு விழுந்த மார்க்கும் வெறுப்புக்கு விழுந்த மார்க்கும் கூட்டல்ல ஒண்ணுதான். தப்பை எழுதறதுக்குக் கட்டம் உண்டு. எழுதினவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு எழுத எந்த ரிஜிஸ்டர்லயும் கட்டம் கிடையாது.

நம்ம தொழில்ல இருக்கறவங்களுக்கு இது சட்டுனு புரியும். லாக் ஃபைல் பொய் சொல்லாதுதான். ஆனா எதை லாக் பண்ணணும்னு கோட் எழுதினவன் முடிவு பண்ணினானோ அது மட்டும்தான் அதுல இருக்கும். ஒரு மாட்யூல்ல எரரே இல்லைன்னா அது ஒழுங்கா ஓடுதுன்னு அர்த்தமில்லை, அங்கே யாரும் லாக் போடலைன்னும் அர்த்தம் இருக்கலாம். கறுப்பினப் பையன் பட்டன் போடாதது லாக் ஆகுது. அவன்கூட ஒருத்தனும் பேசாதது லாக் ஆகறதில்லை.

"அது இனவெறி சார், ஒழுங்குமுறையோட தப்பா?"ன்னு கேப்பீங்க. சரி, இனமே வராத ஒரு கேஸுக்கு இங்கிலாந்து போவோம். வைட் தீவுல ஆஸ்போர்ன் கடற்படைக் கல்லூரி, 1903-ல இருந்து 1921 வரை நடந்த பள்ளி. 1908 அக்டோபர்ல ஒரு கேடட்டோட அஞ்சு ஷில்லிங் போஸ்டல் ஆர்டர் காணாமப் போச்சு. மாட்டினது ஜார்ஜ் ஆர்ச்சர்-ஷீ. வயசு 13. அன்னிக்கு அவனும் பொம்மை ரயில் வாங்கப் பணம் அனுப்ப அதே தபால் ஆபீசுக்குப் போயிருந்தான். அங்கிருந்த அம்மா, "ரெண்டும் ஒரே பையன்தான்"னாங்க. கையெழுத்து நிபுணர் தாமஸ் குரின், "இவன் எழுத்துதான்"னார். பையன் பக்கத்துல அப்பா இல்லை, வக்கீல் இல்லை. முடிவெடுத்த பிறகு அப்பாவுக்குக் கடிதம் போச்சு, பையனைக் கூட்டிட்டுப் போங்கன்னு. ஃபைல் கச்சிதம். சாட்சி, நிபுணர், உத்தரவு எல்லாம் இருக்கு. உண்மை மட்டும்தான் இல்லை.

இதே குரின்தான் 1896-ல அடால்ஃப் பெக் என்கிற அப்பாவியை ஜெயிலுக்கு அனுப்பின வழக்குலயும் தப்பா சாட்சி சொன்னவர். அது வெளியே வந்து நாடே சிரிச்ச பிறகும் கடற்படைத் தலைமை அவரைத்தான் கூப்பிட்டுச்சு!

அந்த அப்பா விடலை. எட்வர்ட் கார்சன் மாதிரி பெரிய வக்கீலைப் பிடிச்சார். அரசு மேல வழக்கே போட முடியாதுன்னு தட்டிக் கழிச்சுப் பார்த்தாங்க. 1910 ஜூலையில ஒருவழியா கோர்ட்டுக்கு வந்துச்சு. தபால் ஆபீஸ் அம்மா குறுக்கு விசாரணையில தடுமாறினாங்க, நாலாவது நாள் அரசுத் தரப்பே பையன் நிரபராதின்னு ஒத்துக்கிச்சு. 1911-ல நஷ்ட ஈடும் செலவுமா 7,120 பவுண்ட். ஆனா பையன் கடற்படைக்குத் திரும்பவே இல்லை. 1914 அக்டோபர் 31-ல யீப்ர போர்ல தரைப்படை அதிகாரியா செத்துப் போனான், 19 வயசுல. கவனிங்க, அவனைக் காப்பாத்தினது ரிஜிஸ்டர் இல்லை. ரிஜிஸ்டரைக் கூண்டுல ஏத்திக் கேள்வி கேக்கற அளவுக்கு வசதியும் பிடிவாதமும் இருந்த அப்பா. கான்யர்ஸுக்கும் ஜான்சனுக்கும் அப்படி ஒரு கார்சன் கிடைக்கலை.

"கப்பல்ல கேள்வி கேட்டுட்டு இருந்தா கப்பல் முங்கிடும்"னு அடுத்த கும்மி வரும், தெரியும். ஒத்துக்கறேன். புயல்ல கேப்டன் சொன்னா செய்யணும், விவாதம் கூடாது. ஆனா அதே கப்பல்ல இன்னொரு விதியும் இருக்கு: கப்பலோட நாட்குறிப்புல பொய் எழுதறது பெரிய குற்றம். ஆழம் 5 பாகம்னு இருக்கறதை 10-னு எழுதினா எல்லாரும் சாகணும். ஆழத்தைப் பொய்யா எழுதறவன் குற்றவாளின்னா, ஒரு பையன் மேல பொய்த் தப்பை எழுதற சீனியர் மட்டும் எப்படி ஒழுக்கமானவன்? ஒழுங்கு ஒழுங்குன்னு பேசறவங்கதான் இதுல முதல்ல கோபப்படணும். நண்பர் கோபப்படலை. அதான் எனக்குக் கோபம்.

அப்ப ரிஜிஸ்டரை எல்லாம் கொளுத்திடலாமா? கூடவே கூடாது. 2005-ல ராபர்ட் ஷ்னெல்லர் 'பிரேக்கிங் தி கலர் பேரியர்'னு கான்யர்ஸ்ல இருந்து பிரவுன் வரைக்குமான கதையைப் புத்தகமா எழுத முடிஞ்சதுன்னா, அகாடமி காகிதங்களைத் தூக்கிப் போடாம வச்சதும் ஒரு காரணம். அமுக்கினவன் கைப்பட எழுதி வச்சதே நூறு வருஷம் கழிச்சு அவனுக்கு எதிரா சாட்சி சொல்லுது. அதனால நண்பரே, எந்தக் காலேஜுலயும் ரிஜிஸ்டர் வைங்க, தாராளமா வைங்க. ஆனா எழுதினவன் பேரும் அதுல இருக்கட்டும், மாட்டினவனோட பதிலும் இருக்கட்டும், ஒருநாள் யாராவது திறந்து பார்ப்பாங்க என்கிற பயமும் இருக்கட்டும். இது மூணும் இல்லாத ரிஜிஸ்டர் ஆதாரமே இல்லை. வெறும் புகார்ப் பெட்டி.

மேலே ஹென்றி பேக்கர்னு ஒருத்தர் வந்தார்ல, பட்டம் வாங்காமப் போனவர்? அவர் பின்னாடி அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துல பரிசோதகரா வேலை பார்த்தார். காப்புரிமைப் பதிவுகள்ல கண்டுபிடிச்சவரோட இனம் இருக்காது. அதனால "கறுப்பின மக்கள் ஒண்ணுமே கண்டுபிடிக்கலை"ன்னு தைரியமா பேசிட்டுத் திரிஞ்சாங்க. பேக்கர் நாடு முழுக்க வக்கீல்களுக்கும் மத்தவங்களுக்கும் கடிதம் போட்டு, ஒவ்வொரு பேரா விசாரிச்சு, நூத்துக்கணக்கான கறுப்பினக் கண்டுபிடிப்பாளர்களோட பட்டியலைத் தயார் பண்ணினார். 1900 பாரிஸ் கண்காட்சிக்குப் போன பட்டியல் அது. ரிஜிஸ்டர்ல இல்லாதது நடக்கவே இல்லைன்னு சொல்றவங்களுக்கு, ஒரு ரிஜிஸ்டரால வாழ்க்கையோட முதல் பக்கத்தையே இழந்த மனுஷன் கொடுத்த பதில்.

டிஸ்கி: நண்பர் மேல தனிப்பட்ட கோபம் ஏதும் இல்லை. எதிர்ப்பதிவு போட்டா சந்தோஷமா படிப்பேன். 'ரிப்பீட்டேய்' போட்டவங்க மட்டும் இந்தத் தடவை ரெண்டு வரி சேர்த்து எழுதுங்கப்பா.