சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பார்ட்னர்!

“மச்சி, கடலை உரிக்கிற மெஷின் ரெடிடா. ஆனா, என்ன விலை வைக்கிறதுன்னே தெரியலை!” - என் கிளாஸ்மேட்டின் புலம்பல். கணக்குப் போடத் தெரிஞ்ச பி.காம் பசங்க பக்கத்து காலேஜ்லயே இருக்காங்க. நடுவுல காம்பவுண்ட் சுவர்!

இந்தச் சுவரைத் தாண்ட, பிரான்ஸ் 2014-ல ஆரம்பிச்ச ஏற்பாடுதான் ‘பெப்பீட்’. ஒரு வட்டாரத்துல இருக்கிற யுனிவர்சிட்டி, இன்ஜினீயரிங் காலேஜ், பிசினஸ் ஸ்கூல் எல்லாம் சேர்ந்து ஒரே மையம் நடத்துறாங்க. ‘மாணவத் தொழில்முனைவர்’னு அங்கீகாரம் வாங்கிட்டா, பேராசிரியர் ஒருத்தர், வெளியில தொழில் தெரிஞ்சவர் ஒருத்தர்னு ரெண்டு வழிகாட்டிகள். இன்டர்ன்ஷிப்புக்குப் பதிலா சொந்தத் தொழிலையே காட்டலாம்!

நம்ம நாட்டுல? சொந்த ஸ்டார்ட் அப்பையே மெயின் புராஜெக்ட்டா ஏத்துக்கலாம்னு மத்திய அரசின் 2019 கொள்கையும் சொல்லுது. கிளாஸ்ல விசாரிச்சேன். ஒருத்தருக்கும் தெரியலை. புராஜெக்ட் சென்டர்ல காசு கட்டி ‘ரெடிமேடு’ வாங்கத்தான் பலரும் ரெடி!

கொள்கை பேப்பரோட ஹெச்.ஓ.டி ரூம் கதவைத் தட்டப் போறோம். அதுக்கு முன்னாடி, பக்கத்து காலேஜ் வாசல் டீக்கடையில ஒரு மீட்டிங். லாப நஷ்டக் கணக்கு தெரிஞ்சவங்க வாங்க பாஸ், டீ எங்க செலவு!