ராஜினாமாவுக்கு முன்

ஆபீஸ் போய்க்கொண்டே கதை எழுத முடியுமா என்று கேட்கும் நண்பர் ஒருவர், ராஜினாமா லெட்டரை டைப் அடித்து டிராயரில் வைத்திருக்கிறார். அவருக்கு ஜீன் லுவென் யாங்கைச் சிபாரிசு செய்தேன்.

அப்பாவின் வற்புறுத்தலில் பெர்க்லியில் கம்ப்யூட்டர் சயன்ஸ். இரண்டு வருஷம் புரோகிராமர். பிறகு ஐந்து நாள் மௌன முகாம் ஒன்றில் உட்கார்ந்து யோசித்து வேலையை விட்டார். எழுத அல்ல சார், ஓக்லண்டில் ஹைஸ்கூல் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க!

'அமெரிக்கன் பார்ன் சைனீஸ்' அவரே ஜெராக்ஸ் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து விற்ற சரக்கு. 2006-ல் புத்தகமாகி, அமெரிக்க தேசியப் புத்தக விருதின் இறுதிப் பட்டியலுக்குப் போன முதல் படக்கதை ஆனது. அப்புறமும் வாத்தியார் உத்தியோகத்தை விட்டது 2015-ல்தான். ஒன்பது வருஷம்! (நண்பர் கவனிக்க.)

நடுவில் ஒரு கூத்து. அல்ஜீப்ரா வகுப்புக்கு மாற்று வாத்தியாராகப் போனவர், வர முடியாத நாட்களுக்கு வீடியோ பாடம் எடுத்து வைத்தார். பையன்களுக்குப் பிடிக்கவில்லை. படக்கதையாக வரைந்து கொடுத்தார். நேரில் நீங்கள் வருவதைவிட இதுவே தேவலை என்றுவிட்டார்கள். புரியாத கட்டத்தைத் திருப்பிப் பார்க்கலாம். வாத்தியாரைத் திருப்ப முடியுமா?

'சீக்ரெட் கோடர்ஸ்' குழந்தைகளுக்கு. நாலு கண் பறவை. திறந்த கண் 1, மூடிய கண் 0. பைனரி அவ்வளவுதான்! 2024-ல் லுயென் ஃபாம் சித்திரத்தோடு காதல் கதையும் எழுதியாச்சு. ஒரு பெண், இரண்டு பையன்கள், சிங்க நடனம்.

"எனக்கு டான்ஸ் வராதே!" என்கிறார் நண்பர். லெட்டர் இன்னும் டிராயரில்தான்.