பொய்ப் புத்தகமும் ஃபோர்டு முதலாளியும்

உலகத்தையே ஒரு ரகசியக் கூட்டம் ஆட்டி வைக்கிறதாம்! விலை ஏறினாலும், வேலை போனாலும், யுத்தம் மூண்டாலும் அந்தக் கூட்டத்தின் சதிதானாம். இப்படிப் பேசுகிறவர்கள் சாட்சிக்கு இழுக்கும் புத்தகங்களில் பேர்போனது "சீயோன் மூப்பர்களின் நடவடிக்கைக் குறிப்புகள்". யூதத் தலைவர்கள் கூடி உலகைப் பிடிக்கத் திட்டமிட்டார்கள் என்பது அதன் சாரம்.

எங்கே அச்சாயிற்று? ஜாரின் ரஷ்யாவில், 1903-ல், க்ருஷெவான் என்பவர் நடத்திய பத்திரிகையில். அதே ஆண்டு ஏப்ரலில் கிஷினேவ் நகரில் சுமார் 50 யூதர்கள் கொலையுண்டார்கள். அதற்குத் தூபம் போட்டதும் இதே ஆசாமியின் இன்னொரு பத்திரிகைதான். சரக்காவது சொந்தச் சரக்கா? அதுவும் இல்லை. மூன்றாம் நெப்போலியனைச் சாடி மொரிஸ் ஜோலி என்ற பிரெஞ்சுக்காரர் 1864-ல் எழுதிய நூலிலிருந்து திருடியது. மூல நூலில் யூதச் சதி என்ற பேச்சே கிடையாது. 1921-ல் லண்டன் டைம்ஸ் பத்திரிகை இரண்டையும் ஒப்பிட்டுத் திருட்டை அம்பலப்படுத்திற்று.

ஹென்றி ஃபோர்டு அசைந்து கொடுத்தாரா? 1920 முதல் தமது சொந்த வாரப் பத்திரிகையில் இந்தப் புளுகை அச்சிட்டு, கார் விற்கும் ஏஜெண்டுகள் மூலமாகவே பரப்பி வந்தார். அவதூறு வழக்கு வந்த பிறகு, 1927-ல், மன்னிப்புக் கேட்டார். பத்திரிகையில் வந்ததைத் தாம் கவனிக்கவில்லையாம்! தொழிலாளி வீட்டுக்கே ஆளனுப்பி, குடிக்கிறானா, சேமிக்கிறானா என்று துப்பறிந்த முதலாளி இவர்.

ஃபோர்டு தொழிலாளர்கள் கண்ட சதி வேறு. 1937 மே 26-ல், ரிவர் ரூஜ் ஆலை வாசலில் துண்டுப்பிரசுரம் கொடுக்க வந்த சங்கத்தாரைக் கம்பெனியின் காவல் ஆட்கள் அடித்து நொறுக்கினார்கள். பத்திரிகைக்காரர்கள் அதைப் படமே எடுத்தார்கள். அந்தப் படங்களில் எந்த மூப்பரும் இல்லை. அடிப்பவன் கண்ணெதிரே நிற்கும்போது, காணாத எவனையோ காட்டுகிற விரல் யாருக்கு உதவும்?

அப்படியானால் சதியே கிடையாதா? உண்டு, தோழர்களே! 1963-ல் கிரேக்க நாடாளுமன்ற உறுப்பினர் லாம்ப்ராகிஸ் தெசலோனிகி நகரில் சமாதானக் கூட்டத்தில் பேசிவிட்டு வெளியே வந்தார். மூன்று சக்கர வண்டியில் வந்தவர்கள் மண்டையில் அடித்தார்கள். சில நாளில் மாண்டார். விபத்து என்றது போலீஸ். விசாரணை நீதிபதி சார்த்செதாகிஸ் சாட்சி சாட்சியாகத் துருவி, போலீஸ் அதிகாரிகள் மீதே குற்றம் சாட்டினார். 1969-ல் காஸ்டா காவ்ராஸ் அதை "இசட்" என்ற படமாக எடுத்தார். ராணுவ சர்க்கார் தடை போட்டது. 1974-ல் அது விழும்வரை கிரேக்க மக்கள் தங்கள் நாட்டுக் கொட்டகைகளில் அந்தப் படத்தைப் பார்க்க முடியவில்லை.