இலை உடுத்திய பிறகும்

லெந்து நாட்கள் நெருங்கும்போது நம் இதழுக்கு அதிகமாக வந்து சேர்வது ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தைப் பற்றிய பிரசங்கக் குறிப்புகள். திருத்த உட்கார்ந்தால் ஒன்று கண்ணை உறுத்தும். நம்மில் பலர் கடவுளை இடிமுழக்கத்தோடு தோட்டத்துக்குள் நுழையவைத்துவிடுகிறோம். வேதம் காட்டுவது வேறு. பகல் தணிந்து காற்று குளிரும் வேளையில் கர்த்தர் உலாவுகிறார். மிரட்டல் இல்லை, தீர்ப்பு இன்னும் சொல்லப்படவில்லை. அதற்குள் ஆதாமும் ஏவாளும் மரங்களுக்குள் போய்விட்டார்கள். அவருடைய சத்தம் மாறியதாக எங்கும் எழுதப்படவில்லை. கேட்டவர்கள்தான் மாறியிருந்தார்கள்.

ஆதாமின் பதிலை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சத்தம் கேட்டது, பயந்தேன், நிர்வாணியாக இருந்தேன், ஒளிந்துகொண்டேன் என்கிறான். பழத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இத்தனைக்கும் அவன் இடுப்பில் அத்தியிலைக் கச்சை இருக்கிறது! இலை உடுத்திய பிறகும் தன்னை நிர்வாணி என்கிறான். இரண்டாம் அதிகாரம் இருவருக்கும் வெட்கம் இல்லை என்று முடிகிறது. மூன்றாம் அதிகாரத்தில் வெட்கம் என்ற சொல்லே வருவதில்லை, பயம்தான் வருகிறது. வேதத்தில் மனிதன் பயந்தேன் என்று வாய்திறந்து சொல்லும் முதல் இடம் இது. வெட்கம் தன் பெயரைச் சொல்லிக்கொள்ளாது. பயம் என்று சொல்லிக்கொண்டுதான் வெளியே வரும்.

போதகர் இல்லத்து வாசலில் நாம் காண்பதும் இதையே. “பயமா இருக்கு ஐயா, ஜெபம் பண்ணுங்க” என்றுதான் ஆரம்பிப்பார்கள். தூக்கம் இல்லை, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள், வீட்டில் ஏதோ நடமாட்டம் தெரிகிறது. சிலருக்கு வேண்டியது மருத்துவர். அவர்களை அங்கே அனுப்பிவைப்பதும் ஊழியம்தான். வேறு சிலரிடமோ நாலைந்து சந்திப்புக்குப் பிறகு இலை விலகும், அதற்கும் பிறகே பழத்தைப் பற்றிய பேச்சு வரும். முதல் நாளே பழத்தைக் கேட்டால் ஆள் மறுவாரம் கோயிலுக்கே வரமாட்டார்.

கடவுள் எப்படிக் கேட்டார்? எங்கே இருக்கிறாய் என்பது முதல் கேள்வி. நிர்வாணி என்று யார் சொன்னது என்பது அடுத்தது. அதற்குப் பிறகே பழம் வருகிறது. ஸ்திரீயிடமும் ஒரு கேள்வி உண்டு. சர்ப்பத்திடம் ஒரு கேள்வியும் இல்லை, நேரே சாபம்தான். யாரிடம் கேள்வி கேட்கப்படுகிறதோ அவருக்கு இன்னும் வாசல் திறந்திருக்கிறது. நாமோ நரக வர்ணனையால் ஆட்களை மரத்தடியிலிருந்து கிளப்பிவிடலாம் என்று நினைக்கிறோம். மரத்தடிக்கு அவர்களை விரட்டியதே பயம்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

புளோரன்ஸ் நகரில் பிரான்காச்சி சிற்றாலயச் சுவரில் ஓவியர் மசாச்சோ 1425 வாக்கில் தீட்டிய ஏதேன் துரத்தலில், ஏவாள் உடலை மறைக்கிறாள். ஆதாமோ உடலை விட்டுவிட்டு முகத்தை இரு கைகளாலும் பொத்திக்கொள்கிறான். 1680 வாக்கில் அந்தப் படத்தின் மேல் இலைகள் வரையப்பட்டன. அவற்றை நீக்க 1980களின் சீரமைப்பு வரவேண்டியிருந்தது. இலை ஒட்டுவது நமக்கும் கைவந்த கலைதான்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வெட்கப்படுகிறவர் எல்லாரும் பாவம் செய்தவர் அல்ல. இரண்டாம் சாமுவேல் 13இல் பலவந்தம் செய்த பாவம் அம்னோனுடையது. தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு வஸ்திரத்தைக் கிழித்தவள் தாமார். அண்ணன் அப்சலோம் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னான். தகப்பன் தாவீது கோபப்பட்டதோடு சரி. அடுத்தவர் செய்த கொடுமையின் வெட்கத்தைச் சுமந்து வருகிற பெண்ணிடம் பாவ அறிக்கை கேட்கும் போதகர், அம்னோன் பூட்டச் சொன்ன கதவை இன்னொரு முறை பூட்டுகிறார். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன்.

அதற்காக வெட்கமே வேண்டாம் என்று பிரசங்கிப்பதும் தவறு. திருக்குறளில் நாணுடைமைக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. அங்கே நாணம், தகாத செயலுக்கு முன்பே மனிதனைத் தடுத்து நிறுத்தும் காவல். வெட்கம் கெட்டவன் என்று நம் ஊரில் திட்டுவதும் அதனால்தான். காவலாக நிற்கவேண்டியது செயலுக்குப் பிறகு சிறையாகிவிடுவதுதான் நம் கவலை.

இந்த லெந்தில் ஆதாமை மட்டும் பேசி நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். யோவான் 21ஐயும் அவன் பக்கத்தில் வையுங்கள். பேதுரு மூன்று முறை மறுதலித்தவன். படகில் மேல்வஸ்திரம் இல்லாமல் இருக்கிறான். கரையில் நிற்பது கர்த்தர் என்று தெரிந்ததும் வஸ்திரத்தைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறான், அவரை நோக்கி. கரையில் கரிநெருப்பு எரிகிறது. அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில்தான் வருகிறது. மற்றது, பேதுரு குளிர்காய்ந்தபடி மறுதலித்த பிரதான ஆசாரியனின் முற்றம். நெருப்பைப் பார்த்ததும் அவனுக்கு அந்த இரவு நினைவுக்கு வந்திருக்கவேண்டும். இயேசு அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மீனும் அப்பமும் கொடுத்தார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேதுருவிடம் முதல் கேள்வியைக் கேட்டார்.