புது மேக்ரோ லென்ஸுக்கு முன் ஒரு கணக்கு

பூச்சிகளையும் சிலந்திகளையும் நெருங்கிப் படமெடுப்பவர்கள் சந்தித்துக்கொண்டால் பேச்சு சீக்கிரமே ஒரு கேள்விக்கு வந்துவிடும்: இருக்கும் லென்ஸை விற்றுவிட்டுப் புதியதை வாங்கலாமா? கேனன் கேமரா வைத்திருப்பவர்களிடம் இந்தக் கேள்வி இப்போது அதிகம் கேட்கிறது. அந்த நிறுவனத்தின் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் இன்று கைமாறுபவை பெரும்பாலும் மூன்று. முதலாவது 2000-இல் வந்த இ.எஃப். லென்ஸ். அடுத்தது 2009-இல் கைநடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசரோடு வந்த ‘எல்’ வரிசை லென்ஸ். மூன்றாவது 2021-இல் மிரர்லெஸ் கேமராக்களுக்கென வந்த ஆர்.எஃப். லென்ஸ். மூன்றிலும் அப்பர்ச்சர் எஃப்/2.8தான். முதலாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போக லட்ச ரூபாயை ஒட்டிச் செலவாகும். பழைய லென்ஸை விற்றுக் கிடைப்பது அதில் சிறு பகுதியைத்தான் ஈடுகட்டும். இப்படி மாற்ற நினைக்கும் பலருக்கு அந்த மாற்றம் தேவையில்லை, அவர்கள் படங்களில் உள்ள குறை லென்ஸில் இல்லை என்பது என் கருத்து.

காரணம் பள்ளி இயற்பியலில் இருக்கிறது. மேக்ரோ லென்ஸ் என்றால் பொருளை அதன் அசல் அளவிலேயே சென்சார் மீது விழச்செய்யும் லென்ஸ். முழு அளவு சென்சாரின் அகலம் 36 மி.மீ.; ஒரு செ.மீ. நீளமுள்ள முசுறு எறும்பு அதில் கால் பாகத்துக்குச் சற்று மேல் நிரப்பும். அந்த நெருக்கத்தில் எஃப்/8 வைத்து எடுத்தால், முன்னும் பின்னுமாகத் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ ஒரு மி.மீ. எஃப்/16 வைத்தால் இரண்டு மி.மீ. எறும்பின் கண் தெளிவாக இருந்தால் பின்னங்கால் கலங்கிப் போகும். இந்தக் கணக்கில் லென்ஸின் விலைக்கோ வயதுக்கோ இடமே இல்லை. உருப்பெருக்கமும் அப்பர்ச்சரும் மட்டுமே அந்த ஆழத்தைத் தீர்மானிக்கின்றன. புதிய ஆர்.எஃப். லென்ஸ் 1.4 மடங்கு வரை பெருக்கிக் காட்டும் என்பது அதன் பெரிய விளம்பரம். உண்மையும்கூட. ஆனால் அந்த 1.4 மடங்கில் எஃப்/8-இன் தெளிவு ஆழம் 0.6 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். பெரிதாகக் கிடைக்கும், கூடவே கஷ்டமும் பெரிதாகும்.

சரி, அப்பர்ச்சரை இன்னும் சுருக்கி எஃப்/22, எஃப்/32 என்று போனால் ஆழம் கூடுமே? கூடும். அங்கேதான் விளிம்பு விளைவு குறுக்கே வருகிறது. சிறு துளை வழியே போகும் ஒளி விரிந்து பரவுவதால் ஒரு புள்ளி புள்ளியாகவே விழாது, சிறு வட்டமாக விழும். அசல் அளவில் எடுக்கும்போது கேமரா எஃப்/16 என்று காட்டினாலும் விளைவு ஏறத்தாழ எஃப்/32-க்கு உரியது. (நிக்கான் கேமராக்கள் இந்தத் திருத்திய எண்ணையே காட்டும், கேனன் காட்டாது. அதனால் கேனன்காரர்கள் பலருக்கு இது தெரியாமலே போகிறது.) எஃப்/32-இல் அந்த வட்டத்தின் குறுக்களவு சுமார் 43 மைக்ரான். 45 மெகாபிக்சல் கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் 4.4 மைக்ரான். அதாவது ஒரு புள்ளி பத்து பிக்சல் அகலத்துக்குப் பரவி விழுகிறது. அந்த நிலையில் 2000-இல் வந்த லென்ஸுக்கும் 2021-இல் வந்த லென்ஸுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது மிகக் கடினம். சோதனைக்கூடத்தில் எஃப்/4-இல் கோடு போட்ட சோதனை அட்டையைப் படமெடுத்து ஒப்பிட்டால் புதியது ஜெயிக்கும். வயல்வரப்பில் எஃப்/4 வைத்து எறும்பை எடுப்பவர்கள் எத்தனை பேர்?

அடுத்த வாதம் ஸ்டெபிலைசர். கையில் பிடித்து எடுப்பவர்களுக்கு அது அவசியம் என்பார்கள். 2009-ஆம் ஆண்டு லென்ஸுக்குக் கேனன் சொன்ன கணக்கே இதற்குப் பதில் சொல்கிறது: சாதாரண தூரத்தில் நான்கு ஸ்டாப் வரை பலன், அசல் அளவு நெருக்கத்தில் இரண்டு ஸ்டாப் மட்டும். அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. ஸ்டெபிலைசர் ஈடுகட்டுவது மேலும் கீழும், இடமும் வலமுமான ஆட்டத்தை. நெருங்கிக் குனிந்து எடுப்பவரின் உடம்பு மூச்சோடு முன்னும் பின்னும் ஆடுகிறதே, அதை அது தொடுவதில்லை. தெளிவு ஆழம் ஒரு மி.மீ. இருக்கும் இடத்தில் அந்த முன்பின் ஆட்டம்தான் பெரும்பாலான படங்களைக் கெடுக்கிறது. காற்றில் ஆடும் இலையையும் எந்த ஸ்டெபிலைசராலும் நிறுத்த முடியாது. ஆனால் வ்யூஃபைண்டரில் தெரியும் காட்சி ஆடாமல் நிற்கும், ஃபோகஸ் பிடிக்க வசதியாக இருக்கும். அந்தப் பலனை நான் மறுக்கவில்லை.

படத்தைக் காப்பாற்றுவது ஃபிளாஷ். குறைந்த சக்தியில் எரியும் சாதாரண ஃபிளாஷின் வெளிச்சம், ஒரு விநாடியைப் பல ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு கூறு நேரமே நீடிக்கிறது. அந்த நேரத்துக்குள் கையும் ஆடாது, இலையும் ஆடாது. எஃப்/11, எஃப்/16 வைக்கத் தேவையான ஒளியும் அதிலிருந்தே வருகிறது. அப்படியிருந்தும் ஃபிளாஷ் படங்களுக்குக் கெட்ட பெயர் ஏன்? வெறும் ஃபிளாஷை வண்டின் முதுகில் அடித்தால் பளபளக்கும் பச்சை ஓட்டின் நடுவே ஒரு வெள்ளைத் திட்டு விழுகிறது. சுற்றிலும் இருட்டு. நிறமெல்லாம் போய்விடுகிறது. அதே ஃபிளாஷுக்கு முன்னால், லென்ஸின் நுனிக்கு மேலே வளைந்து வரும்படி, ஒரு நோட்டுப் பக்க அளவுக்கு டிரேசிங் பேப்பரையோ மெல்லிய வெள்ளை ஃபோம் தாளையோ பொருத்திப் பாருங்கள். ஒரு செ.மீ. வண்டுக்கு அது வானமே கவிந்தது போல. ஒளி பல திசையிலிருந்தும் வழிந்து வருவதால் ஓட்டின் பச்சையும் நீலமும் செம்பும் ஒவ்வொரு வளைவிலும் தனித்தனியே தெரியும். தாவும் சிலந்தியின் முன்கண்களில் ஊசிமுனை வெளிச்சம் விழுந்த இடத்தில் மென்மையான வெள்ளைப் பிறை தெரியும். இந்த வித்தியாசம் புகைப்படம் பற்றி ஒன்றும் அறியாதவர் கண்ணுக்கும் படும். இரண்டு லென்ஸ்களுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பார்க்கவோ படத்தைத் திரையில் இருநூறு சதவீதம் பெரிதாக்க வேண்டும். ஒளியைப் பரப்பும் அந்தத் தாளுக்கு, அதாவது டிஃப்யூசருக்கு, ஆகும் செலவு நூறு ரூபாய்க்குள் அடங்கும்.

“அப்படியானால் எவருமே மாற்றக் கூடாதா?” என்றால், அப்படியில்லை. பட்டாம்பூச்சி, தும்பி எடுப்பவர்கள் கதை வேறு. தமிழ் மறவன் பட்டாம்பூச்சியை 2019-இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்கள். அதைக் காட்டில் தேடிப் போகிறவர் அசல் அளவுக்கு நெருங்குவதே அபூர்வம். சற்றுத் தள்ளி நின்று, இயற்கை ஒளியில், சட்டென்று ஃபோகஸ் பிடித்தாக வேண்டும். அங்கே புதிய லென்ஸின் வேகமும் ஸ்டெபிலைசரும் முழுப் பலன் தரும். பல படங்களை அடுக்கி ஒரே படமாக்கும் ஃபோகஸ் ஸ்டேக்கிங் செய்பவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. கேமரா தானாகவே ஃபோகஸை நகர்த்தி எடுக்கும் வசதி எல்லாப் பழைய லென்ஸ்களோடும் இயங்காது. உங்கள் கேமராவின் கையேட்டில் எந்தெந்த லென்ஸ் பொருந்தும் என்ற பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உருப்பெருக்கம் போதவில்லை என்பது நேர்மையான காரணம்தான். ஆனால் அதற்கு லட்ச ரூபாய் ஆகாது. ரேனாக்ஸ் டி.சி.ஆர். 250 என்ற சிறு ஒட்டுக்கண்ணாடி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. 100 மி.மீ. லென்ஸின் முன்னால் அதை மாட்டினால் ஏறத்தாழ இரு மடங்கு பெருக்கம், ஆர்.எஃப். லென்ஸின் 1.4-ஐ விட அதிகம். அதை மாட்டியிருக்கும்வரை 12.5 செ.மீ.க்கு மேல் விலகி நின்று ஃபோகஸ் பிடிக்க முடியாது என்பது மட்டும் அதற்குரிய விலை.

மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிவிட்டேன், லென்ஸையும் மாற்றித்தானே ஆக வேண்டும் என்று சிலர் சொல்வதுண்டு. கேனன் தரும் அடாப்டருக்குள் கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் வளையம். அதனால் பழைய லென்ஸின் தரம் எள்ளளவும் குறையாது. புதியது என்பதாலேயே குறையற்றது என்றும் நம்ப வேண்டாம். ஆர்.எஃப். 100 மி.மீ. லென்ஸில், நெருக்கத்தில் அப்பர்ச்சரைச் சுருக்கும்போது ஃபோகஸ் இடம் நகர்வதாக அதைச் சோதித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். புது லென்ஸ் வாங்கினால் உற்சாகம் வரும், அடிக்கடி வெளியே கிளம்புவோம் என்ற வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. பணம் இருப்பவருக்கு அதுவும் ஒரு காரணம்தான். கடன் வாங்கியோ தவணையிலோ வாங்குபவருக்கு அது காரணம் ஆகாது.

ஆகவே கடைக்குப் போகும் முன் கம்ப்யூட்டரைத் திறந்து, கழித்துப்போட்ட படங்களை எடுத்துப் பாருங்கள். எத்தனை படம் ஃபோகஸ் முன்பின் போனதால் கெட்டது, எத்தனை மோசமான ஒளியால், எத்தனை பூச்சி பறந்துவிட்டதால், எத்தனை உண்மையிலேயே பெருக்கம் போதாததால் என்று பிரித்து வையுங்கள். முதல் இரண்டும்தான் அதிகம் என்றால் பணம் ஃபிளாஷுக்குப் போகட்டும். மூன்றாவது அதிகம் என்றால் விடிகாலையில் கிளம்புங்கள். பனி காயும்வரை தும்பி அசையாது. எல்லாம் பார்த்தும் லென்ஸ்தான் வேண்டும் என்று முடிவானால், 2009-இன் ‘எல்’ லென்ஸைப் பழையதாக வாங்குவதே என் பரிந்துரை. பலர் மிரர்லெஸுக்குத் தாவுவதால் அது நிறையவே விற்பனைக்கு வருகிறது. வாங்கும்போது பின்மூடியைக் கழற்றி, அப்பர்ச்சர் திறந்திருக்க, ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் இருந்த லென்ஸ்களில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருக்கும். அது தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.