கடைசிப் பாட்டா, கடைசி பஸ்ஸா? குத்தம்பாக்கத்து இண்டி ரசிகரின் இரவுக் கணக்கு

ஒரு இண்டி பாடகரின் புதுப் பாட்டு வெளியான அதே நொடியில் அண்ணா நகர் ரசிகரின் காதிலும் விழும், குத்தம்பாக்கம் ரசிகரின் காதிலும் விழும். மொபைலுக்குப் புறநகர் என்ற பேதம் கிடையாது. ஆனால் அதே பாடகர் மேடையேறும் நாளில்தான் தூரம் என்ன என்பது தெரியவரும். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்திலிருந்து குத்தம்பாக்கம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கச்சேரி என்றால் இன்னும் தூரம்.

பூந்தமல்லி ஒன்றியத்தில், திருமழிசைக்கு மேற்கே இருக்கும் இந்த ஊரை 1990களின் பிற்பகுதியில் மாதிரி கிராமமாகப் பேச வைத்தவர் அப்போதைய ஊராட்சித் தலைவர் இளங்கோ ரங்கசாமி. இப்போது ஊரின் பெயர் அடிபடுவது புதிய பேருந்து முனையத்தால். ஊர் நகரத்தை நெருங்கிக்கொண்டே இருக்கிறது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் நகரம் மறுபடியும் தூரமாகிவிடுகிறது.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்து வீடுகளில் கச்சேரி டிக்கெட் பேச்சு எடுத்தால் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"பாட்டுதானே, போன்லயே கேக்கலாமே?"

"லைவ்ல கேக்குறது வேறம்மா."

"எத்தனை மணிக்கு முடியும்?"

"பத்துக்கு முடிஞ்சிடும். பூந்தமல்லி வரைக்கும் வந்துட்டா அப்பா வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

அம்மாவின் முதல் கேள்வி நியாயமானது. கையடக்க போனில் கேட்கக் கிடைக்கும் பாட்டுக்கு ஏன் இத்தனை அலைச்சல்? இண்டி இசையைப் பொறுத்தவரை இதற்கு உறுதியான பதில் ஒன்று உண்டு. அடுத்த ஆல்பம் வருமா, வராதா என்பதைப் பெரும்பாலும் மேடைதான் தீர்மானிக்கிறது.

இண்டி என்றால்?

சினிமாவுக்காக அல்லாமல், பாடகரோ இசைக்குழுவோ தங்களுக்காகவே உருவாக்கி வெளியிடும் பாட்டு என்று எளிமையாகச் சொல்லலாம். அம்மா, அப்பா தலைமுறைக்கும் இது புதிதல்ல. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' 1986-ல் வந்தது. சினிமாவுக்கு வெளியே அவர் போட்ட ஆல்பம் அது. அதைக் கேசட்டில் தேய்த்தவர்கள் இன்றும் பல வீடுகளில் இருக்கிறார்கள். மலேசியாவின் யோகி பி & நட்சத்ரா 2006-ல் 'வல்லவன்' ஆல்பத்தோடு தமிழ் ராப்பை இங்கே கொண்டுவந்தார்கள். 2012-ல் ஹிப்ஹாப் தமிழாவின் 'ஹிப் ஹாப் தமிழன்' வந்தது.

அதே 2012-ல் சென்னையில் தொடங்கிய குழு 'தி எஃப்16ஸ்'. ஆங்கிலத்தில் பாடும் இண்டி பாப் குழு. 2016-ல் முழு ஆல்பம், அடுத்து ஒரு இ.பி. 2019-ல், அதற்கடுத்த இ.பி. 2021-ல். சினிமாவில் வாரம் ஒரு பாட்டு வரும். இண்டி குழுவின் ரசிகர் ஒரு ஆல்பத்துக்கும் அடுத்த ஆல்பத்துக்கும் நடுவே இரண்டு, மூன்று வருஷம் காத்திருக்கிறார். அந்த இடைவெளியை நிரப்புவது மேடைதான்.

2018 ஜனவரி 6-ம் தேதி கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முறையாக மேடையேறியது. கானா, பறை, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். அந்தக் குழுவிலிருந்து பெரிய அளவில் வெளியே தெரிந்தவர்களில் ஒருவர் அறிவு. சொந்த ஊர் அரக்கோணம். அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாகப் போகும் அதே ரயில் பாதையின் ஊர். 2019-ல் ஆஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பம் தந்தார். மேற்கிலிருந்து தினமும் ரயிலேறும் பிள்ளைகளுக்கு அவர் வேற்றூர் நட்சத்திரம் இல்லை.

கோடி பேர் கேட்டால் கோடி வருமா?

2021 மார்ச்சில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி'யைத் தெரியாத வீடு இருக்காது. தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன் கூட்டணி. உலகம் முழுக்கப் பல கோடி முறை பார்க்கப்பட்ட பாட்டு. மூன்று வருஷம் கழித்து, 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோ வெளியிட்டார். அந்தப் பாட்டிலிருந்து தங்கள் மூவருக்கும் இதுவரை வருமானம் எதுவும் வரவில்லை என்றார். ஒப்பந்தம், கணக்கு எல்லாம் தனி விவகாரம். ஆனால் 'வியூஸ்' எண்ணிக்கையும் கலைஞரின் வங்கிக் கணக்கும் ஒன்றல்ல என்பதைச் சாதாரண ரசிகருக்குப் புரியவைத்தது அந்த வீடியோ.

ஸ்ட்ரீமிங் ஆப்களில் பணம் பிரியும் விதம் பெரும்பாலும் இதுதான். சந்தாவும் விளம்பரப் பணமும் ஒரே உண்டியலில் விழும். மொத்தமாகக் கேட்கப்பட்ட பாட்டுகளில் யாருடைய பாட்டு எத்தனை பங்கோ, உண்டியலிலும் அத்தனை பங்கு. கோடிகளில் ஓடும் சினிமா பாட்டுகளோடு அதே உண்டியலில் கை விடும் சின்ன இண்டி குழுவுக்குக் கிடைப்பது சில்லறைதான். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் இன்னொரு விதியும் உண்டு. கடந்த 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அந்த உண்டியலிலிருந்து ராயல்டி கிடையாது.

இப்போது மேடைக் கணக்கைப் பாருங்கள். ஒரு சின்ன அரங்கில் 300 பேர், ஆளுக்கு 499 ரூபாய் டிக்கெட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,49,700 ரூபாய். இதில் அரங்க வாடகை, சவுண்ட், லைட், டிக்கெட் ஆப்பின் கட்டணம், வாத்தியக்காரர்களின் சம்பளம் எல்லாம் போகும். மிச்சம் பெரிதாக இருக்காது. ஆனால் அது கைக்கு வரும் பணம். ஸ்டூடியோவில் இரண்டு நாள் ரெக்கார்டிங் செய்ய உதவும் பணம்.

டிக்கெட் வாங்குபவருக்கும் ஒரு தகவல். இசை நிகழ்ச்சியின் நுழைவுக் கட்டணம் ஒருவருக்கு 500 ரூபாய் வரை என்றால் ஜி.எஸ்.டி. இல்லை. அதைத் தாண்டினால் 18 சதவீதம். பெரிய ஸ்டேடியம் ஷோக்களின் டிக்கெட் கடைசிப் பக்கத்தில் திடீரென வீங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரிலீஸுக்கு முன்பே கேட்டவர்கள்

கச்சேரிக்குப் போகிறவருக்குக் கிடைக்கும் தனிப்பரிசு, இன்னும் வெளிவராத பாட்டு. பல குழுக்கள் புதுப் பாட்டை முதலில் மேடையில் போட்டுப் பார்க்கும். கூட்டம் எந்த இடத்தில் கைதட்டுகிறது, எந்த இடத்தில் போனை எடுத்து வேறெதையோ பார்க்கிறது என்று கவனிக்கும். அதை வைத்துப் பல்லவியைச் சுருக்குவார்கள், டெம்போவைக் கூட்டுவார்கள். ஆல்பம் வெளிவரும்போது, "இதை நான் அன்னைக்கே கேட்டேன், அப்ப இந்த பிரிட்ஜ் வேற மாதிரி இருந்துச்சு" என்று சொல்லும் பெருமை முன்வரிசை ரசிகருக்குத்தான் வாய்க்கும்.

அடுத்த ஆல்பத்துக்காகக் காத்திருப்பவர்கள் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய சில காரியங்களும் உண்டு.

புது வெளியீடுகள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை வரும். 2015 ஜூலை முதல் உலகம் முழுக்க இதுதான் வழக்கம். அறிவிப்பு வந்ததும் 'ப்ரீ-சேவ்' செய்துவிட்டால் பாட்டு வெளியான அன்றே உங்கள் பட்டியலில் வந்து உட்காரும்.

ஸ்பாட்டிஃபையில் வெறுமனே கேட்பதோடு நிறுத்தாமல் கலைஞரின் பக்கத்தில் 'ஃபாலோ' அழுத்துங்கள். வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு கலைஞர் தன் பாட்டைச் சமர்ப்பித்தால், அது ஃபாலோ செய்பவர்களின் 'ரிலீஸ் ரேடார்' பட்டியலுக்குப் போகும். விளம்பரத்துக்குக் காசில்லாத குழுவுக்கு இது இலவச போஸ்டர்.

பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் குழு இருந்தால் ஆல்பத்தை விலை கொடுத்தே வாங்கலாம். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுத்துக்கொள்வது 15 சதவீதம். கட்டணச் செலவு போக, மீதி கலைஞருக்கு.

பத்து மணி விதி

திறந்தவெளியில் ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதி. வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாமல், பண்டிகை, கலாசார நிகழ்ச்சிகளுக்காக மட்டும் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் தூக்கம் வேண்டும், விதி சரிதான். ஆனால் ஏழு மணி என்று டிக்கெட்டில் அச்சடித்துவிட்டு எட்டே காலுக்கு மேடையேறினால், மீதி நேரத்துக்குள் எல்லாவற்றையும் திணிக்க வேண்டியிருக்கும். நல்ல பாட்டுகள் கடைசி அரை மணி நேரத்துக்குத் தள்ளப்படும். சரியாக அந்த அரை மணி நேரத்தில்தான் மேற்குப் புறநகர்க்காரர் எழுந்து நிற்பார். சென்னை மெட்ரோ ரயில் ராத்திரி 11 மணி வரை உண்டு. ஆனால் அது கொண்டுவிடும் இடத்திலிருந்து பூந்தமல்லிக்கும், அங்கிருந்து குத்தம்பாக்கத்துக்கும் வண்டி கிடைக்க வேண்டுமே!

பெரிய பெயர், பெரிய மைதானம் என்பதால் மட்டும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடாது. 2023 செப்டம்பர் 10-ம் தேதி பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரியில், டிக்கெட் கையிலிருந்தும் உள்ளே போக முடியாமல் திரும்பியவர்கள் ஏராளம். நெரிசலில் குழந்தைகளோடும் பெரியவர்களோடும் தவித்த குடும்பங்களின் கதைகள் அன்றிரவே சமூக வலைதளங்களை நிறைத்தன. உள்ளே போக முடியாதவர்கள் டிக்கெட் நகலை மின்னஞ்சலில் அனுப்புமாறு ரஹ்மானே கேட்டுக்கொண்டார். மாறாக, 2025 பிப்ரவரி 5-ல் எட் ஷீரன் பாடியது நகரின் நடுவே, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில். மெட்ரோவிலிருந்து நடந்து போகும் தூரம். ஏழு மாதம் கழித்து அவருடைய 'பிளே' ஆல்பம் வந்தபோது, பிப்ரவரி கூட்டத்தில் நின்றவர்கள் அதைத் தங்கள் வீட்டு விசேஷம்போலக் கொண்டாடினார்கள்.

இந்த நந்தனம்தான் மேற்குக்காரர்களுக்கு நம்பிக்கை தரும் பெயர். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 4-வது வழித்தடம் பூந்தமல்லி பைபாஸிலிருந்து கலங்கரை விளக்கம் வரை 26.1 கிலோமீட்டர். போரூர், வடபழனி வழியாக வரும் இந்தப் பாதையில் நந்தனமும் ஒரு நிலையம். முழுப் பாதையும் ஓடத் தொடங்கும்போது, மைதானத்தில் ஏறினால் பூந்தமல்லியில் இறங்கலாம். அதன் பிறகு பாக்கி இருப்பது பூந்தமல்லிக்கும் குத்தம்பாக்கத்துக்கும் நடுவே கொஞ்ச தூரம்தான். புதிய முனையத்தை ஒட்டி இரவு நேரச் சிற்றுந்து ஓடினால் அதுவும் தீர்ந்தது. கச்சேரி ரசிகருக்கு மட்டுமல்ல, இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வரும் தொழிலாளிக்கும் அது வேண்டும்.

மேடை மேற்கே வந்தால்?

எல்லாக் கச்சேரிக்கும் ரசிகரே ஓட வேண்டுமா? பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை நெடுஞ்சாலையின் இரு பக்கமும் கல்லூரிகள். பனிமலர், சவீதா, ராஜலட்சுமி என்று ஆயிரக்கணக்கான மாணவர்கள் படிக்கும் பகுதி இது. கல்லூரி விழாக்களில் இசைக்குழுக்கள் வந்து பாடுகின்றன. ஆனால் அவை கல்லூரி வளாகத்துக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. அதே சவுண்ட், அதே மேடையில் மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, சுற்றுவட்டார ஊர்க்காரர்களுக்குக் குறைந்த விலை டிக்கெட்டில் இன்னொரு ஷோ நடத்தினால் என்ன? எட்டரைக்கு முடித்தால் பாட்டியும் வரலாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் வரலாம். திருவிழாவில் மெல்லிசைக் குழுவை விடிய விடியக் கேட்ட ஊர்களுக்குக் கூட்டமாக உட்கார்ந்து பாட்டுக் கேட்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அதுவரை நகரத்துக்குப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். டிக்கெட் எடுக்கும் முன் திரும்பும் வழியை முடிவு செய்துவிடுங்கள். நாலு பேராகச் சேர்ந்து போனால் கார் செலவு பிரியும். நிகழ்ச்சி தள்ளிப்போனால் பணம் திரும்புமா என்ற விதியைப் படியுங்கள். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நிற்க வேண்டாம். அரங்குகளில் 15 நிமிடச் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதல். மருந்துக் கடையில் கிடைக்கும் ஃபோம் காதடைப்பான் சட்டைப் பையில் இருந்தால் போதும். பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "எத்தனை மணிக்கு முடியும்?" என்று கேட்பதோடு, "யார் பாடுறாங்க?" என்றும் ஒருமுறை கேளுங்கள். வரும் வெள்ளிக்கிழமை வெளியாகும் பாட்டைப் பிள்ளை உங்களுக்கும் போட்டுக் காட்டும். பிடித்துப்போனால் அடுத்த கச்சேரிக்கு ஒரு டிக்கெட் கூடுதலாக எடுக்கச் சொல்லுங்கள். திரும்பி வருவதற்கும் துணை கிடைத்துவிடும்.