கடலின் நாடியைப் பார்க்கும் 4 ஆயிரம் கருவிகள்

யாரும் பூட்டி வைக்காத கணக்கு!
30 நாடுகளின் கூட்டு முயற்சி நிலைக்குமா?

நடுக்கடல். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கப்பல் இல்லை. கரை இல்லை.

அங்கே தண்ணீருக்குள் இருந்து ஒரு குழாய் மெல்ல மேலே வருகிறது. அதன் எடை 20 கிலோவுக்கு மேல். தலையில் ஒரு கம்பி நீட்டிக் கொண்டு இருக்கிறது.

மேலே வந்ததும் அது செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்புகிறது. "நான் இருக்கும் இடம் இது. இங்கே தண்ணீரின் சூடு இவ்வளவு. உப்பு இவ்வளவு." செய்தி போய்ச் சேர்ந்ததும் குழாய் மீண்டும் மூழ்கி விடுகிறது. இனி 10 நாள் கழித்துத்தான் தலை காட்டும்.

இப்படிச் சுமார் 4 ஆயிரம் மிதவைக் குழாய்கள் உலகக் கடல்கள் எங்கும் இரவு பகலாக வேலை செய்கின்றன. இந்தத் திட்டத்தின் பெயர் "ஆர்கோ". சுமார் 30 நாடுகள் சேர்ந்து இதை நடத்துகின்றன.

கருவியைவிட வியப்பான சங்கதி ஒன்று உண்டு. எந்த நாடு போட்ட மிதவை ஆனாலும், அது சொல்லும் கணக்கு எல்லோருக்கும் சொந்தம். 24 மணி நேரத்துக்குள் அந்தக் கணக்கு உலகத்தின் பார்வைக்கு வந்து விடும். காசு கிடையாது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியது இல்லை.

இந்தியாவும் சீனாவும் எல்லையில் முறைத்துக் கொள்வது உண்டு. ஆனால் இரண்டு நாடுகளின் மிதவைகளும் ஒரே பேரேட்டில்தான் கணக்கு எழுதுகின்றன!

இந்த ஒற்றுமை எப்படி வந்தது? இப்போது அதற்கு வந்திருக்கும் சோதனை என்ன?

கடல் சூட்டால் நமக்கு என்ன?

"கடல் தண்ணீரின் சூட்டை அளந்து என்ன ஆகப் போகிறது?" என்று சிலர் கேட்கலாம்.

பூமி சூடாகிக் கொண்டே வருகிறது. அப்படி அதிகப்படியாகத் தங்கி விடும் சூட்டில் 100-க்கு 90 பங்குக்கு மேல் கடல் விழுங்கிக் கொள்கிறது. காற்றில் ஏறுவது மிகக் கொஞ்சம். ஆகவே பூமி எவ்வளவு சூடாகிறது என்று தெரிய வேண்டுமானால், கடலைத்தான் கேட்க வேண்டும்.

சூடேறிய தண்ணீர் விரியும். விரிந்தால் கடல் மட்டம் உயரும். கரையோரத்து வீட்டுக்கு ஆபத்து.

புயலுக்குத் தீனியும் கடல் சூடுதான். மேல் தண்ணீர் மட்டும் சூடாக இருந்தால், புயல் கடலைக் கலக்கும்போது அடியில் உள்ள குளிர்ந்த தண்ணீர் மேலே வந்து விடும். புயலின் வேகம் தணியும். ஆழம் வரை சூடாக இருந்தால், புயல் மேலும் மேலும் பலம் பெறும்.

செயற்கைக்கோள் கடலின் மேல்பரப்பைத்தான் பார்க்கும். ஆழத்தில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. உள்ளே இறங்கிப் பார்க்க ஒருவர் வேண்டும். அந்த வேலையைத்தான் மிதவை செய்கிறது.

உப்பை அளப்பது ஏன்?

நமது வங்கக் கடலையே எடுத்துக் கொள்ளுங்கள். கங்கையும் பிரம்மபுத்திராவும் நல்ல தண்ணீரைக் கொண்டு வந்து கொட்டுகின்றன. உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் லேசானது. ஆகவே அது கடலின் மேல் போர்வை போலப் படர்ந்து நிற்கிறது. அடியில் உள்ள தண்ணீரோடு எளிதில் கலப்பது இல்லை. அடியில் உள்ள குளிர்ச்சியும் எளிதில் மேலே வருவது இல்லை.

உப்பின் அளவு தெரிந்தால்தான் இந்தப் போர்வை எவ்வளவு கனம் என்று தெரியும்.

கயிறு கட்டி அளந்த காலம்

முன்பு எல்லாம் கடலை அளக்கக் கப்பலில்தான் போக வேண்டும்.

1872-ல் இங்கிலாந்திலிருந்து "சாலஞ்சர்" என்ற கப்பல் புறப்பட்டது. 1876-ல்தான் ஊர் திரும்பியது. வழி நெடுகக் கயிற்றில் வெப்பமானியைக் கட்டி ஆழத்தில் இறக்கினார்கள். சுமார் 300 இடங்களில் கடலின் சூட்டை அளந்தார்கள்.

பிறகும் 100 ஆண்டுகளுக்கு மேல் கப்பலை நம்பியே காலம் ஓடியது. கப்பலுக்குச் செலவு அதிகம். குளிர்காலத்தில் கொந்தளிக்கும் தென்கடல் பக்கம் போக யாரும் துணிவது இல்லை. ஆகவே உலகக் கடலில் பெரும் பகுதி இருட்டாகவே இருந்தது.

1955-ல் ஜான் சுவாலோ என்ற ஆங்கில விஞ்ஞானி, குறிப்பிட்ட ஆழத்திலேயே நின்று மிதக்கும் ஒரு கருவியைச் செய்தார். பிறகு அமெரிக்காவில் ரஸ் டேவிஸ், டக் வெப் என்ற இருவர், தானாக மூழ்கித் தானாக எழும் மிதவையை உருவாக்கினார்கள்.

1999-ல் இந்த மிதவைகளைக் கொண்டு உலகக் கடல் முழுவதையும் அளப்பது என்று திட்டம் வகுத்தார்கள். கிரேக்கக் கதையில் வரும் வீரன் ஜேசனின் கப்பலுக்கு ஆர்கோ என்று பெயர். கடல் மட்டத்தை அளக்க 2001-ல் ஏவிய செயற்கைக்கோளுக்கு "ஜேசன்" என்று பெயர். அதற்குத் துணையாக வந்த மிதவைத் திட்டத்துக்கு "ஆர்கோ" என்று பெயர் வைத்தார்கள்.

மூழ்குவது எப்படி? எழுவது எப்படி?

மிதவைக்குள் கொஞ்சம் எண்ணெய் இருக்கிறது. வெளியே ஒரு ரப்பர் பை இருக்கிறது. எண்ணெயை அந்தப் பைக்குள் தள்ளினால் பை உப்பும். மிதவை மேலே ஏறும். எண்ணெயை உள்ளே இழுத்துக் கொண்டால் பை சுருங்கும். மிதவை மூழ்கும். அவ்வளவுதான் தந்திரம்!

1,000 மீட்டர் ஆழத்தில் அது சுமார் 9 நாள் நீரோட்டத்தோடு மிதந்து போகும். பிறகு 2,000 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும். அங்கிருந்து மேலே ஏறிக் கொண்டே வழி முழுவதும் சூட்டையும் உப்பையும் அளக்கும். ஏறி முடிக்கச் சுமார் 6 மணி நேரம் ஆகும்.

ஒரு மிதவை 4, 5 ஆண்டு உழைக்கும். பிறகு பாட்டரி தீர்ந்து போகும். பெரும்பாலான மிதவைகளைத் திரும்ப எடுக்க முடிவது இல்லை. ஆகவே ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான புதிய மிதவைகளைப் போட்டால்தான் எண்ணிக்கை குறையாமல் இருக்கும்.

"ஒற்று வேலையோ?"

இதில் ஒரு சிக்கல் எழுந்தது.

கரையிலிருந்து 200 கடல் மைல் வரை உள்ள வளம் அந்தந்த நாட்டுக்கு உரியது. அங்கே மற்றவர் ஆராய்ச்சி செய்யவும் அந்த நாட்டின் சம்மதம் வேண்டும். மிதவைக்கோ எல்லைக்கோடு தெரியாது! நீரோட்டம் இழுத்த பக்கம் எல்லாம் போகும். "அடுத்த நாட்டுக் கருவி நமது கடலில் ஒற்று வேலை பார்க்கிறதோ?" என்ற சந்தேகம் எழாமல் இருக்குமா?

1999-ல் ஐ. நா.வின் கடல் ஆராய்ச்சிக் குழு இதற்கு ஒரு வழி சொன்னது. "மிதவை உங்கள் கடலுக்குள் வரக்கூடும்" என்று கரையோர நாட்டுக்கு முன்கூட்டியே தெரிவித்து விட வேண்டும். எங்கே கிடைத்த கணக்கு ஆனாலும் ஒளிவு மறைவு இல்லாமல் எல்லோருக்கும் தர வேண்டும்.

சந்தேகத்துக்கு மருந்து, கணக்கைத் திறந்து வைப்பதுதான். எல்லோரும் பார்க்கும் பேரேட்டில் யார் எதை ஒளிக்க முடியும்?

அகப்பட்ட தவறு

கணக்கைத் திறந்து வைத்ததால் இன்னொரு நன்மையும் உண்டு. தவறு நெடுநாள் ஒளிந்து இருக்க முடியாது.

2006-ல் ஒரு செய்தி வந்தது. 2003-க்குப் பிறகு கடல் குளிர்ந்து விட்டது என்று சில விஞ்ஞானிகள் எழுதினார்கள். உலகம் திடுக்கிட்டது. "அப்படியானால் பூமி சூடாகிறது என்பது பொய்யா?" என்று பலர் கேட்டார்கள்.

அதை எழுதியவர்களில் ஒருவர் ஜோஷ் வில்லிஸ். அமெரிக்காவின் நாசா விஞ்ஞானி. அவருக்கே மனம் ஒப்பவில்லை. கடல் குளிர்ந்தால் தண்ணீர் சுருங்க வேண்டும். ஆனால் கடல் மட்டம் உயர்கிறது என்று செயற்கைக்கோள் சொல்லியது. எங்கோ கணக்கு உதைக்கிறதே?

மற்றக் கணக்குகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சில மிதவைகள் ஆழத்தைத் தவறாகக் குறித்து இருந்தன! கப்பல்களிலிருந்து வீசிய பழைய கருவிகளிலும் பிழை இருந்தது. அவற்றைத் திருத்தியதும், கடல் குளிர்ந்ததாகச் சொன்ன கணக்கு மறைந்து போயிற்று. தமது தவறைத் தாமே 2007-ல் உலகத்துக்குச் சொன்னார்.

135 ஆண்டுக்குப் பிறகு

எழுதி வைத்த கணக்கு எத்தனை காலம் பயன்படும்?

2012-ல் விஞ்ஞானிகள் ஒரு வேலை செய்தார்கள். சாலஞ்சர் கப்பல் கயிறு கட்டி அளந்த கணக்கையும், அதே இடங்களில் ஆர்கோ மிதவைகள் அளந்த கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

135 ஆண்டுகளில் கடலின் மேல்பரப்பு சராசரியாகச் சுமார் 0.6 டிகிரி சூடாகி இருந்தது. மேலிருந்து 700 மீட்டர் ஆழம் வரை பார்த்தால் 0.3 டிகிரி. சிறிய எண்தானே என்று நினைக்காதீர்கள். அத்தனை பெரிய கடல் அந்த அளவு சூடாக வேண்டுமானால், எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்!

கயிறு இழுத்த மாலுமிகள் என்றோ மாண்டு போனார்கள். அவர்கள் எழுதி வைத்த கணக்கு இன்றும் பேசுகிறது.

புதிய இலக்கு: 4,700

முதலில் வைத்த இலக்கு 3 ஆயிரம் மிதவைகள். அது 2007-ல் நிறைவேறியது. 2012-ல் 10 லட்சம் அளவுகள் சேர்ந்தன. 2018-ல் அது 20 லட்சம் ஆயிற்று.

அடுத்த இலக்கு 4,700. இவற்றில் 2,500 மிதவைகள் இப்போது போல வேலை செய்யும். 1,200 மிதவைகள் 2,000 மீட்டருக்குக் கீழேயும் இறங்கும். சில 6,000 மீட்டர் வரை போகும். மீதி ஆயிரமும் கடலின் உயிர்நிலையைப் பார்க்கும். தண்ணீரில் பிராணவாயு எவ்வளவு? புளிப்புத் தன்மை ஏறுகிறதா? மீன்களின் உணவுக்கு அடிப்படையான நுண்பாசி செழிக்கிறதா? இவற்றை எல்லாம் சொல்லும்.

எண்ணிக்கையில் 4 ஆயிரம் வந்து விட்டது. ஆனால் ஆழத்துக்குப் போகும் மிதவைகள் இன்னும் சில நூறுதான். பிராணவாயு முதலியவற்றை அளக்கும் மிதவைகளும் இலக்கை எட்டவில்லை.

காரணம் பணம். சாதாரண மிதவை ஒன்றின் விலையே பல லட்சம் ரூபாய். புதிய மிதவைகளின் விலை அதைப் போலப் பல மடங்கு. முழு இலக்கையும் எட்ட, பழைய திட்டத்தைப் போல 3 மடங்கு செலவாகும் என்று கணக்கிட்டு இருக்கிறார்கள்.

ஒரே தூணை நம்பலாமா?

இந்தப் பொதுச் சொத்துக்கு எல்லா நாடும் சமமாகப் பணம் தருவது இல்லை. மிதவைகளில் ஏறத்தாழ பாதி அமெரிக்கா போட்டவை. அந்த ஒரு நாடு கையைச் சுருக்கினால் என்ன ஆகும்? மறுநாளே எதுவும் தெரியாது. பாட்டரி தீரத் தீர ஒவ்வொன்றாக மறையும். 4, 5 ஆண்டில் கடலில் பெரிய ஓட்டைகள் விழுந்து விடும். விட்டுப் போன ஆண்டின் கணக்கைப் பிறகு எத்தனை கோடி கொடுத்தாலும் வாங்க முடியாது.

மனம் இருந்தால் சிறிய நாடும் உதவலாம். நியூசிலாந்தின் "கஹரோவா" என்ற கப்பலின் நீளம் 28 மீட்டர்தான். அந்தச் சிறிய கப்பல் ஆயிரத்துக்கு மேற்பட்ட மிதவைகளைக் கடலில் இறக்கியது!

நமது நாடும் சும்மா இருக்கவில்லை. 2002 முதல் இந்தியா மிதவைகளைப் போட்டு வருகிறது. ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் மையம் நமது மிதவைகளின் கணக்கைச் சரிபார்த்து உலகத்துக்கு அனுப்புகிறது. பிரான்சில் பிரெஸ்ட், அமெரிக்காவில் மான்டெரே ஆகிய இரண்டு ஊர்களிலும் உலகக் கணக்கு முழுவதையும் சேர்த்து வைக்கிறார்கள்.

கிராமத்தில் பொதுக் கிணறு இருக்கும். எல்லோரும் தண்ணீர் எடுப்பார்கள். தூர் வாரும் நாளில் மட்டும் நாலு பேர்தான் வருவார்கள். அந்த நாலு பேரும் ஓய்ந்து விட்டால், கிணறு தூர்ந்து போகும்.

ஆர்கோவும் அப்படிப்பட்ட கிணறுதான். தண்ணீர் எடுக்க 30 நாடு அல்ல, உலகமே வருகிறது. தூர் வாரவும் எல்லா நாடுகளும் வர வேண்டும். புயல் எந்தக் கரையைத் தாக்கும் என்று யாருக்குத் தெரியும்?